பெயர் சொன்னால்தான் பாட்டு

போன கிழமை குளிர் தொடங்கியதும், ஒஸ்லோ ஓரத்தில் ரொம்மனில் இருக்கிற எங்கள் வீட்டில் ஹீற்றரைப் போட்டேன். கோடை முழுக்கப் படிந்த தூசி கருகி ஒரு மணம் வருமே, அது வந்தது. கையில் கைபேசி, அதில் காபூல் செய்தி. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண்கள் கண்ணை மட்டும் விட்டு மீதி முகத்தை மூடிக்கொண்டிருக்கும் படம் ஒன்று போட்டிருந்தார்கள். மணமும் படமும் சேர்ந்து என்னைப் பக்கத்து இடமான ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு நிலவறைக்குள் கொண்டுபோய் இருத்திவிட்டன. இருபது வருடத்துக்கு முந்திய நிலவறை அது, அங்கே இருந்த பழைய ஹீற்றரும் இதே மணத்தைத்தான் விடும்.

நான் சந்தேகக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. கடைக்காரன் சிரித்துக் கதைத்தால் மீன் பழசு என்று நினைக்கிற ஆள் நான். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு அது கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த வருடங்களில் எங்கள் சனமே அப்படித்தான் இருந்தது. புதிதாக ஒருவரைக் கண்டால் ஊர் எது என்று கேட்பதற்கு முன்னமே, “அவர் ஆற்றை ஆள்?” என்று, யாருடைய ஆள், எந்த இயக்கத்துப் பக்கம் என்று காதுக்குள் கேட்பார்கள். பதில் தெரியும் வரைக்கும் தேத்தண்ணிகூட ஊற்ற மாட்டார்கள்.

நிலவறைக்கு வருகிறேன். இங்கே பழைய அடுக்குமாடிகளுக்குக் கீழே, யுத்தம் வந்தால் ஒளிவதற்கென்று தடித்த இரும்புக் கதவு போட்ட அறைகள் இருக்கின்றன. நோர்வேக்காரருக்கு அது பழைய சைக்கிள் போட்டுவைக்கிற இடம். எங்களுக்கோ பார்த்தவுடனேயே பங்கர். அப்படிப்பட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத்தான் வெளிநாட்டுச் சனங்கள் பலர் சேர்ந்து உள்ளூர் வானொலி நடத்தினோம். ஞாயிறு மத்தியானம் ஒரு மணித்தியாலம் தமிழ். அது முடிய ஆப்கானியரின் தாரி மொழி நிகழ்ச்சி. ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த இரண்டு கூட்டம் கடைசியில் பங்கருக்குள் இருந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

தமிழ் நிகழ்ச்சியில் நான் வாசிப்பேன், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை இவர் பார்ப்பார். இவர் என்றால் என் மனுசன். பெயரைக் கேட்காதீர்கள். கலியாணம் கட்டின நாளிலிருந்து எனக்கு “இஞ்சருங்கோ”தான். ஒருமுறை நிகழ்ச்சி முடிவில் உதவி செய்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தவள், இவருடைய பெயரடியில் வந்து நின்றுவிட்டேன். நாக்கு எழும்பவில்லை. மைக் திறந்து கிடக்கிறது, ஒஸ்லோ முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. “ஒலிக்கட்டுப்பாடு, எங்கடை இவர்” என்று சொல்லி முடித்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் இவரைக் கண்ட சனமெல்லாம், “என்ன எங்கடை இவர், சுகமோ?” என்று கேட்டது. அந்தப் பட்டம் நெடுங்காலம் இவரை விட்டுப் போகவில்லை.

எங்கள் நிகழ்ச்சியில் பெண்கள் வாசித்தோம் என்று பெருமைப்படவும் வேண்டாம். எதை வாசிப்பது, எதை விடுவது என்று தீர்மானித்த குழுவில் ஒரு பெண்கூட இல்லை. குரல் குளிர்மையாக இருக்க வேண்டுமாம், அதற்கு நாங்கள். யாராவது கேட்டால், நோர்வேயில் ஆணும் பெண்ணும் சமம்தானே என்று குழுத் தலைவர் விளக்கம் கொடுத்துவிட்டு, கோப்பைகளைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

தாரி நிகழ்ச்சி நடத்தியவளை மர்ஜான் என்று சொல்கிறேன். அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். காபூலில் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவள். மதப் படைக்காரர் காபூலைப் பிடித்ததும் முதலில் வேலை போனது, பிறகு தெருவில் தனியே நடப்பதே போனது. எல்லைக்கு அப்பால் பெஷாவரில் சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தாள். கிழமை நாட்களில் பாலர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவாள். ஞாயிறு வந்தால் செய்திக்காரி ஆகிவிடுவாள், உதட்டில் நல்ல சிவப்புச் சாயத்தோடு.

அந்தச் சாயம்தான் எனக்கு முதல் சந்தேகம். வானொலிக்கு வருகிறவளுக்கு அது எதற்கு? பார்க்கிற ஒரே ஆம்பிளை இவர்தானே. ஆப்கானியரிடம் மிக்ஸர் தெரிந்த ஆள் இல்லாததால் அவர்களின் மணித்தியாலத்துக்கும் இவரே இருந்து உதவினார். ஒரு ஞாயிறு நான் வாய்விட்டே கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த பாஷை அரைகுறை நொஸ்க்தான், வேலைத்தலத்தில் பொறுக்கிய நோர்வே மொழி. அதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

“வாசிக்கிறது முகத்தாலைதான். குரல் பிறகுதான் வரும்” என்றாள்.

பதில் நல்லாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் வீட்டுக்குப் போகவில்லை. இவருக்குச் சும்மா துணைக்கு என்று சொல்லிக்கொண்டு மூலைக் கதிரையில் இருந்துவிட்டேன். மர்ஜான் ஏலக்காய் போட்ட பச்சைத் தேயிலையைச் சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவருவாள். எனக்கும் ஊற்றித் தருவாள். அவள் குடித்த பிறகுதான் நான் குடிப்பேன்.

அவளும் சளைத்தவள் இல்லை. கதவைப் பார்த்தபடிதான் இருப்பாள். மிக்ஸரில் பதிவு ஓடுகிறதா, ஓடினால் அது யாரிடம் போகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். நோர்வேப் பத்திரிகைக்காரரைக்கூட அவள் நம்பவில்லை. பெண்கள் தினத்துக்கு ஒரு நிருபர் வந்து நீண்ட நேரம் கதைத்துவிட்டுப் போனாள். பத்திரிகையில் மர்ஜான் சொன்னது வந்தது, படம் மட்டும் யாரோ நீலப் பர்தாக்காரியுடையது. தன் முகம் ஆப்கான் முகமாகப் பத்திரிகைக்காரருக்குப் படவில்லைப்போல என்று சொல்லி, அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தேத்தண்ணிப் போத்தலுக்குக் கீழே வைத்தாள்.

அவளுடைய நிகழ்ச்சியின் கடைசி அரைமணித்தியாலம் நேயர் விருப்பம். தொலைபேசி எடுத்துப் பாட்டுக் கேட்பவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் வழக்கத்தில் ஒருவன் தன் மனைவியின் பெயரையோ தாயின் பெயரையோ வெளியாருக்கு முன்னால் சொல்ல மாட்டான். என் பிள்ளைகளின் தாய்க்கு ஒரு பாட்டு என்பான், எங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டு என்பான். வீடு பாட்டுக் கேட்குமா என்று மர்ஜான் திருப்பிக் கேட்பாள். பெயர் சொன்னால்தான் பாட்டு, அதுதான் அவள் வைத்த சட்டம். சிலர் தொலைபேசியை அடித்து வைத்தார்கள். சிலர் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். சொன்ன பெயரை அவள் இன்னொரு தரம் தெளிவாக, தலைப்புச் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் கிழமை முழுக்க மூக்குத் துடைத்தாள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தக் காலத்தில்தான் ஆப்கானியரின் சங்கத் தலைவர் நிலவறைக்கு வரத் தொடங்கினார். தாரி நிகழ்ச்சியின் நேரம் அந்தச் சங்கத்தின் பெயரில் இருந்தது. நல்ல கோட், மெதுவான குரல், வரும்போதெல்லாம் பாதாமும் முந்திரிகை வற்றலும் ஒரு பை நிறைய. மர்ஜானோடு இரண்டு வார்த்தை, இவரோடு தோளில் கைபோட்டு அரைமணி நேரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா கிடக்கிற மனுசனுக்கு ஏன் இவ்வளவு பாதாம்? இவரைக் கேட்டால், பாவம் நல்ல மனுசன், எங்கடை நிகழ்ச்சி திறம் எண்டு சொல்றார் என்றார். புகழ்ந்தால் இவர் உருகிப்போவார் என்பது எனக்குத் தெரியாததா?

ஒரு ஞாயிறு மர்ஜான் சாயம் பூசாமல் வந்தாள். அதைக் கண்டவுடனேயே ஏதோ பிழை என்று என் மனம் சொன்னது. கைப்பையில் இருந்து ஒரு கஸெற்றை எடுத்துப் போட்டாள். ஒஸ்லோவிலேயே இருந்த அவளுடைய தங்கை, வீட்டு வானொலியில் நிகழ்ச்சியைக் கேட்டுப் பதிந்தது. மர்ஜானின் குரல் கேள்வி கேட்கிறது, உடனே பாட்டு எழும்புகிறது. நேயரின் பதிலும் இல்லை, அவள் திருப்பி வாசித்த பெயரும் இல்லை. அடுத்த அழைப்பும் அப்படியே. ஸ்டூடியோவில் அவள் காதில் தொலைபேசிதான் இருக்கும், ஹெட்போன் இவருடைய தலையில். வெளியே என்ன போகிறது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. கிழமைக் கணக்காக ஒரு பெயர்கூட வெளியே போகவில்லை. எல்லாப் பெயரும் அந்தப் பங்கருக்குள்ளேயே நின்றுபோயிருந்தன.

அவள் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“உன்ர மனுசன் ஆற்றை ஆள்?”

வாழ்க்கையில் எத்தனை பேரைப் பற்றி நான் கேட்ட கேள்வி அது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. இன்னும் கேவலம், எனக்கும் அந்த நேரம் இவர்மேல் சந்தேகம்தான். பாதாம் பை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இஞ்சருங்கோ, என்ன செய்து வைச்சிருக்கிறியள் என்று கேட்டேன்.

இவர் முழிசினார். ஒளிக்கிற முழி எனக்குத் தெரியும், இது விளங்காத முழி.

“அந்தப் பாதாம்கார மனுசன்தான் சொன்னவர். இவ ‘நாம்’ எண்டு சொன்ன உடனை பேச்சை அமத்திப் பாட்டை ஏத்த வேணுமாம், அதுதான் தங்கடை முறையாம். எங்கடை சொல்லு மாதிரிக் கிடந்தது, பிடிக்கச் சுகமாக் கிடந்தது” என்றார்.

நான் அதை நொஸ்க்கில் சொன்னேன். மர்ஜான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தாரியில் ‘நாம்’ என்றால் பெயர் என்றாள். ‘அவள் பெயர் என்ன’ என்று அவள் நேயரிடம் கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வரும். அதைக் கேட்டவுடன் இவர், பாவி மனுசன், கடமை தவறாமல் பாட்டை ஏற்றியிருக்கிறார். ஒரு வார்த்தை தாரி தெரியாதவரின் கையால், ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்து, அத்தனை பெண்களின் பெயரையும் அழித்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். எங்கள் பாஷையில் ஒருவனை ஏமாற்றினால் அவனுக்கு நாமம் போட்டாச்சு என்போம், நாமம் என்றால் பெயரும்தான், என்று அவளுக்கு விளக்க வெளிக்கிட்டேன். திருநீறு பூசுகிற எங்களுக்கே நாமம் போட்டுவிட்டார் உங்கள் தலைவர் என்றேன். நொஸ்க்கில் நெற்றியையும் நாமத்தையும் விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள். முதன்முதலாக அன்றைக்குத்தான் அவள் சிரித்துக் கண்டேன். ஆனாலும் நிகழ்ச்சி தொடங்கியபோது இவரை இரண்டு கையையும் மேசைக்கு மேலே வைக்கச் சொன்னாள். நான் அவளைப் பிழை சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று முதலில் வந்தது ஒரு வயதான குரல். பிள்ளைகளின் தாய்க்குப் பாட்டு வேண்டும் என்றது. மர்ஜான் கேட்டாள். ‘நாம்’ வந்தது, இவருடைய விரல்கள் துடித்தன, மேசையை விட்டு எழும்பவில்லை. வானொலியில் மௌனம். மிக்ஸர்க்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை, இவருக்கு வேர்த்துவிட்டது. பிறகு அந்தக் குரல் மெல்ல ஒரு பெயரைச் சொன்னது. மர்ஜான் அதை வாசித்தாள். பாட்டு எது என்று சொல்லாமலே அந்த மனிதர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் பெண்களின் குரல். தாங்களே எடுத்துத் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள். எனக்கு விளங்கியது பெயர்கள் மட்டும்தான். அவற்றில் இரண்டு குரல் அவளுடைய தங்கையினுடையதோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. இருந்தால்தான் என்ன?

வெளியே வரும்போது அவள் என்னை மறித்தாள். இப்போது நீ சொல்லு, உன் மனுசனின் பெயர் என்ன என்றாள். நான் இருமினேன். சால்வையைச் சரிசெய்தேன். இவர் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு வரவில்லை.

“உனக்கு ஆர் பாட்டை ஏத்தினது?” என்றாள்.

அடுத்த மாதமே அந்த நேரத்தைச் சங்கம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. அவர் நல்ல குரல்காரர், பாட்டு மட்டும் போடுவார், யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். தலைவர் அதற்குப் பிறகும் இவருக்குப் பாதாம் கொண்டுவந்தார். நான் அதை அப்படியே முற்றத்துப் புறாக்களுக்குக் கொட்டினேன்.

மர்ஜான் ஓரிரண்டு வருடத்தில் காபூலுக்குத் திரும்பிப் போனாள். அங்கே பெண்களுக்கென்று வானொலிகள் தொடங்கிய காலம். போகாதை, அங்கை திறக்கிற கதவை எல்லாம் நம்பாதை என்று நான் சொன்னேன். தனக்கும் நம்பிக்கை இல்லை என்றும், மூடுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்றும் சொன்னாள். சில நேரம் தொலைபேசி எடுப்பாள். அங்கேயும் அதே சட்டம்தான் வைத்திருந்தாளாம். பெண்கள் வரிசையில் நின்று பெயர் சொல்கிறார்கள் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

இப்போது இங்கே எங்கள் வானொலி இல்லை. ஹவுகன்ஸ்டுவா நிலவறையில் திரும்பவும் சைக்கிள்கள். தமிழ் மணித்தியாலமும் போய்விட்டது, சனம் கைபேசியில் ஆளுக்கொரு பாட்டுக் கேட்கிறது. காபூலில் அவளுடைய வானொலிக் கட்டடத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய மதப் படைக்காரர் காபூலுக்குத் திரும்பி வந்த கிழமை அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு குரல்.

“என்ர படம் இருந்தா அழிச்சுப்போடு. என்ர பேரை எங்கையும் சொல்லாதை, எழுதாதை.”

படங்களை அழித்தேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரமும் மர்ஜான், மர்ஜான் என்று எழுதினேனே, அது அவளுடைய பெயரில்லை. கோபிக்காதீர்கள். இதை வாசிக்கிறது ஆரென்று எனக்கு எப்படித் தெரியும்?