அலமாரி எண் இரண்டு

எங்கள் பள்ளி அலுவலக மேலாளருக்குச் ‘சாவி’ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. யாராயிருந்தாலும் அதிகம் யோசித்திருக்க வேண்டியதில்லை. அவர் வருவதற்கு முன்பே அவருடைய இடுப்பு வந்துவிடும். அங்கே தொங்கும் சாவி வளையத்தின் கலகலப்பு கேட்டால் பிள்ளைகள் நேராக உட்காருவார்கள், ஆசிரியர்கள் கைப்பேசியை மேசைக்கடியில் தள்ளுவார்கள். வகுப்பறை, கிடங்கு, தண்ணீர்த் தொட்டி மூடி என்று பூட்டத் தகுந்த எல்லாம் அவர் இடுப்பில் தொங்கின.

நோயறை என் பொறுப்பு. இரண்டு கட்டில், ஒரு திரை, ஒரு வாளி. நான் நர்ஸ் இல்லை, நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். ஆனாலும் எல்லோரும் நர்ஸம்மா என்றே கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம். மருந்து அலமாரி மட்டும் என் அறையில் இல்லை. அது கட்டிடத்தின் மறுகோடியில், சாவியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

அவர் முட்டாள் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆசிரியை தன் மாத்திரைகளை மேசைமேல் விட்டுப் போக, நாலு பிள்ளைகள் அதை மிட்டாய் போலப் பங்கு போட்டுத் தின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகள் பிழைத்தார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவில்லை. பூட்டு வாங்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

அவர் மனைவி ஒருநாள் சாப்பாடு கொண்டு வந்தபோது என்னிடம் சொன்னார்: “வீட்டுல சர்க்கரை டப்பாவுக்கும் பூட்டுதான் நர்ஸம்மா. மூச்சு விடுறதுக்கு மட்டும் இன்னும் சாவி கேக்க வேண்டியதில்ல.”

பள்ளியில் அதற்கும் கேட்க வேண்டியிருந்தது.

எட்டாம் வகுப்பில் ஆஸ்துமா உள்ள ஒரு பெண் சேர்ந்தாள். குளிர்ந்த காற்று, சுண்ணக்கட்டித் தூள், ஓட்டம் எதுவும் ஆகாது. இழுக்கும்போது நெஞ்சில் வரும் சத்தத்துக்காக வகுப்பில் அவளை ‘விசில்’ என்றார்கள். அவள் கோபப்படவில்லை. “ரெஃப்ரீ வந்திருக்கேன், ஒழுங்கா ஆடுங்க” என்பாளாம். அவளுடைய நீல இன்ஹேலரை முதல் நாளே சாவி வாங்கி, பெயர் ஒட்டி, பிடுங்கிய பம்பரங்களுக்கும் உதட்டுச் சாயங்களுக்கும் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

அவள் அம்மா பஸ் கண்டக்டர். சீருடையோடு வந்து நின்றார்.

“சார், அது அவ கையிலயே இருக்கணும். டாக்டரும் அதத்தான் சொன்னாரு.”

“பிள்ளைங்க கையில மருந்து குடுக்கிற பழக்கம் இங்க இல்லம்மா. வேணும்னா வந்து கேக்கட்டும், ஒடனே தர்றேன்.”

“மூச்சே வரலன்னா எப்படி சார் வந்து கேப்பா? டிக்கெட்டெல்லாம் டிப்போவுல பூட்டி வச்சிட்டு நான் பஸ்ஸுல ஏற முடியுமா?”

“டிக்கெட்ட யாரும் முழுங்க மாட்டாங்கம்மா.”

“இத மட்டும் யாரு சார் முழுங்குவா?”

நானும் சொன்னேன்: அவளிடம் இல்லாவிட்டால் என்னிடமாவது இருக்கட்டும் என்று. “உங்க ரூமுக்குப் பூட்டு இல்லையே நர்ஸம்மா” என்றார். நோயாளியை வைத்துப் பூட்ட முடியாது என்றேன். அதை ஒரு குறை என்றே எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவருக்கு இருதயக் கோளாறு. நெஞ்சு பிடித்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பையில் பொத்தான் கூடக் கிடையாது.

மழைக்குப் பிந்தைய ஒரு காலை. இரண்டாம் மாடியில் கரும்பலகையைத் துடைத்த தூள் பறந்ததும் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. ஒரு பிள்ளை என்னிடம் ஓடி வந்தது, இன்னொன்று சாவியிடம் ஓடியது. நான் போய் அவளை முன்புறம் சாய்த்து உட்கார வைத்தேன். தோள் ஏறி இறங்கியது, கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

சாவி நன்றாகவே ஓடினார். அந்த வயதில், அந்த நெஞ்சோடு, அத்தனை படியும் ஏறி இன்ஹேலரை நீட்டினார். குலுக்கி அவள் வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். காலி.

“காலையில கூட நல்லாத்தானே இருந்துச்சு” என்றார்.

“காலையில யாருக்குக் குடுத்தீங்க?”

“யாருக்கும் இல்ல. தினமும் மணி அடிச்சதும் ரெண்டு தடவை அடிச்சுப் பாப்பேன். வேலை செய்யுதான்னு.”

தீயணைப்பு மணியைச் சோதிப்பது போல இதையும் சோதித்திருக்கிறார். ஒருநாளும் தவறவில்லை. அந்த அலமாரிக்கு ஆஸ்துமா இருந்திருந்தால் அது பூரணமாகக் குணமாகியிருக்கும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று ஆசிரியையிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் பென்சில் டப்பாவைக் காட்டினாள். ஸ்கேலுக்கடியில், துணியில் சுற்றி இன்னொரு இன்ஹேலர். அம்மாவின் வேலை. எடுத்துக் கொடுத்தேன். உறிஞ்சினாள், அடக்கினாள், விட்டாள். கொஞ்சம் பொறுத்து மீண்டும். தோள் மெதுவாகத் தணிந்தது. விசில் சன்னமாகி நின்றது. ஆம்புலன்ஸ் வேண்டாமென்று சொல்லியனுப்பினேன்.

அதற்குள் படியேறிய பலன் சாவிக்குக் கிடைத்தது. முகம் வெளுத்து, பக்கத்து பெஞ்சில் சரிந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மாத்திரை நாக்கடிக்குப் போனது. அவர் நாடியைப் பிடித்தபடி நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவருக்கு நிறம் திரும்பியது. நிறத்தோடு கடமையும் திரும்பியது. அவளிடம் கையை நீட்டினார்.

“அதக் குடும்மா. பூட்டணும்.”

அவள் இன்ஹேலரை மார்போடு பிடித்துக்கொண்டாள். வகுப்பு முழுக்கப் பார்த்தது.

“சரி சார்,” என்றாள், மூச்சை எண்ணிச் செலவழிப்பவள் போல. “நீங்களும் குடுங்க. ரெண்டையும் சேத்துப் பூட்டிடலாம்.”

அவர் கை சட்டைப் பையை மூடியது. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்திருப்பேன், கையில் நாடி இருந்தது. அது வேகமாக அடித்தது.

“இது வேற” என்றார். பைமேல் இருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு, “வேற இல்ல” என்றார், தனக்குள் சொல்வது போல. கையை மறுபடி நீட்டவில்லை.

மனிதர் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், மருந்து அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்ற விதியில் மாற்றமில்லை, அலமாரிகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறோம் என்று வாதாடி அனுமதி வாங்கினார். அந்தப் பெண்ணின் பாவாடைப் பைக்கு ஜிப் தைக்கச் சொன்னார். பைக்குள்ளே ஒரு துணிச் சீட்டும் தைக்கச் சொன்னார்: ‘மருந்து அலமாரி எண் இரண்டு’. அவள் தலையிலடித்துக்கொண்டாள். அம்மா மட்டும், “என்ன எழுதினா என்ன, பையில இருக்குல்ல” என்று ஊசியை எடுத்தாராம்.

அவர் சட்டைப் பைக்கும் பொத்தான் வந்தது. அது மனைவியின் ஏற்பாடு.

இப்போதும் காலையில் மணி அடித்ததும் சாவி கலகலத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு வாசலுக்கு வருகிறார். அவள் எழுந்து ஜிப்பைத் திறந்து காட்டுகிறாள். அவர் வாங்கக் கையை நீட்டுகிறார்.

“பாத்தா போதும் சார்,” என்கிறாள். “அடிச்சுப் பாக்க வேணாம்.”