என் கணவரின் பார்ட்னர்

என் கணவர் பட்மின்டன் விளையாடுவார் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சாதகத்தில் செவ்வாய் பார்த்தார்கள். சம்பளம், குடி, சிகரெட் எல்லாம் விசாரித்தார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளைச் சப்பாத்தும் அரைக்காற்சட்டையுமாக வெளிக்கிட்டு, இருட்டின பிறகு வியர்வையும் சிரிப்புமாகத் திரும்பி வருகிற மனிதர் என்பதை விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலைக் கடந்து, வவுனியாவில் ஆமி தருகிற பயண பாஸுக்குக் காத்துக் கிடந்து, கொழும்புக்கு வந்து கழுத்தை நீட்டியவள். அவர் பத்து வயதிலேயே கொழும்புக்கு வந்துவிட்டார். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்களுக்கு மேல்வீடு. கீழே வீட்டுச் சொந்தக்கார முஸ்லிம் அம்மா இருந்தார். ரயில் போகும்போது ஜன்னல் கம்பியும் அலமாரியில் இருக்கிற கோப்பைகளும் சேர்ந்து நடுங்கும். முதல் மாதம் எனக்கும் நடுங்கியது. பிறகு பழகிவிட்டது.

ஊர் பழகவில்லை. வெள்ளவத்தை மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு உரத்த குரலில் பேரம் பேசுகிற பெண், காலி வீதியில் பஸ் ஏறியதும் வாயை மூடிக்கொள்வாள். நானும் அப்படித்தான். கைப்பையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கிறதா என்று பத்து அடிக்கு ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்வேன். பின்னால் யாராவது கூப்பிட்டால் கை உடனே பைக்குள் போகும். கிறிக்கெட் நடக்கிற நாட்கள் மட்டும் கொஞ்சம் சுகம். செக் பொயின்டில் நிற்கிற ஆமிக்காரனின் காது ரேடியோவில் இருக்கும். பையை மேலாலே பார்த்துவிட்டு அனுப்பிவிடுவான். எதிர்க் கடையில் எங்கள் ஆட்களும் அதே ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். விக்கெட் விழுந்தால் வீதியின் இரண்டு பக்கத்திலும் ஒரே பெருமூச்சு.

"பார்ட்னர் இண்டைக்கு வரேல்லையாம்" என்று ஒரு சனிக்கிழமை அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தார். பார்ட்னர் என்றால் கந்தோரில் கூட வேலைசெய்கிற யாரோ ஒரு ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். பாவம், சுகமில்லையாக்கும் என்றுகூடச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை கீழே கேற்றடியிலிருந்து ஒரு பெண்குரல்.

"மச்சான்! இன்னும் வெளிக்கிடலையா?"

நான் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். எங்கள் ஊரில் ஒரு பெண் ஒருவனை மச்சான் என்று கூப்பிட்டால், அவனைக் கட்டிக்கொள்ள முறை இருக்கிறது என்று அர்த்தம். அவர் ஒன்றும் நடக்காததுபோலச் சப்பாத்து லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர் அது?"

"என்ர பார்ட்னர். மிக்ஸ்ட் டபிள்ஸ் விளையாடுறனாங்கள்."

"மச்சான் எண்டு கூப்பிடுறா?"

அவர் சிரித்தார். "கொழும்பில எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான். கந்தோரில சிங்களப் பொடியளும் என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவங்கள்."

சிங்களப் பொடியன்கள் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அவள் மேலே வந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். தகப்பன் துறைமுகத்தில் வேலை, அவள் இவருடைய கந்தோரில். தோளளவு வெட்டிய மயிர், முழங்கால் வரை பாவாடை, மணிக்கூடு வலது கையில். மூன்று பாஷையும் அவளுக்கு ஒரே நாக்கில் வந்தன. என்னோடு தமிழ், கீழ்வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு சிங்களம், இவரோடு பாதி இங்கிலிஷ். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் வாசலிலேயே, "அக்கா, எப்படி இருக்கீங்க? இவர் உங்களைப் பத்தித்தான் எப்பவும் கதைக்கிறார்" என்றாள். என்னைப் பற்றி என்ன கதைத்திருப்பார்? கல்யாணமாகி மூன்று மாதம். எங்களுக்குள்ளேயே அவ்வளவு கதை நடந்திருக்கவில்லை.

ஒருநாள் நானும் வருகிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம். "நீர் வந்து என்ன செய்யப்போறீர்? போரடிக்கும்" என்றார். போனேன்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு மண்டபம். உயரமான தகரக் கூரை, மஞ்சள் லைட், சுவரோரம் நீட்டு வாங்குகள். விளையாட்டு எனக்கு விளங்கவில்லை. புள்ளிகள் எப்படி ஏறுகின்றன என்பதும் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. கலப்பு ஆட்டத்தில் பெண் வலைக்குக் கிட்ட நிற்பாள், ஆண் பின்னால் நிற்பான். அவள் தலைக்கு மேலால் ஷட்டில் போகும்போது அவள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவர் நிற்கிறார், அடிப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவரும் அவள் எந்தப் பக்கம் சரிவாள் என்று முன்னமே அறிந்தவர்போல மற்றப் பக்கத்துக்கு ஓடினார். ஒருவருக்கொருவர் ஒரு சொல் இல்லை. வீட்டில் இந்த மனிதருக்கு உப்புப் போத்தல் எங்கே இருக்கிறதென்று தெரியாது. நான் அழுதுவிட்டு வந்து நின்றாலும், சளி பிடித்ததாக்கும் என்று நினைத்து, "தடிமனோ?" என்று கேட்பார்.

அவர்கள் இருவருக்கும் இடையில் வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது. சண்டை பிடித்திருக்கலாம், ஊருக்குக் கடிதம் போட்டிருக்கலாம். ஒன்றுமில்லை என்று எனக்கே நன்றாகத் தெரிந்ததுதான் என்னை வதைத்தது. எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அப்படியிருக்கும்போது ஒரு வேலைநாளில் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது. சத்தம் வெள்ளவத்தைக்குக் கேட்கவில்லை. கீழ்வீட்டு அம்மா ரேடியோவில் கேட்டுவிட்டு மேலே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வீட்டு டெலிபோனில் கந்தோர் நம்பரைச் சுழற்றிக்கொண்டே இருந்தோம். கிடைக்கவேயில்லை. வீதியில் பஸ் குறைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தகப்பன்மார் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் டெலிபோன் மணியடித்தது. அந்த அம்மா எடுத்தார்.

"புள்ள, ஒங்களுக்குத்தான்!"

என் கணவராக்கும் என்று ஓடிப்போய்க் காதில் வைத்தேன். அவளுடைய குரல்.

"அக்கா, பயப்படாதீங்க. அவருக்கு ஒரு காயமும் இல்ல. ஆனா பொலிஸ்ல வச்சிருக்காங்க, விசாரிக்க. ஐடென்டிட்டில பிறந்த இடம் யாழ்ப்பாணம்னு இருக்குதானே. நான் த்ரீவீல் பிடிச்சு வாறேன். கல்யாணச் சேட்டிபிக்கட்டையும் பொலிஸ் துண்டையும் எடுத்து வச்சிருங்க."

உயிரோடிருக்கிறார் என்றதும் நிலத்தில் உட்கார்ந்தேன். கடவுளே என்றேன். அதற்கு அடுத்த நினைவு என்னவென்றால், என் கணவர் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்கு எனக்கு முன்னம் தெரிந்துவிட்டதே என்பதுதான். இரண்டு நினைவுக்கும் நடுவில் ஒரு மூச்சுக்கூட இடைவெளி இல்லை.

காலி வீதி நெடுக மறித்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் அவள் தலையை வெளியே நீட்டி, அண்ணா என்பதற்குச் சிங்களத்தில் "அய்யே" என்று தொடங்கி ஏதோ சொல்வாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், துண்டைப் பார்ப்பார்கள், விடுவார்கள். நான் ஒருத்தியாக வந்திருந்தால் பம்பலப்பிட்டியையும் தாண்டியிருக்க மாட்டேன். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். றாக்கெட் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. இழுத்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, விடாமல் பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

பொலிஸில் மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட் வயதானவர். அவள் சிங்களத்தில் படபடவென்று பேசினாள். இடையில் பட்மின்டன் என்ற சொல் வந்தது. கையைத் தூக்கி ஒரு ஸ்மாஷ் அடித்தும் காட்டினாள். அந்த இடத்தில், அந்த நாளில், அந்த மனிதர் சிரித்தார்! பிறகு அவளைக் காட்டி ஏதோ கேட்டார். நோனா என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. மனைவியா என்று கேட்கிறார்.

"நே, நே" என்று அவள் என்னை முன்னால் தள்ளினாள். "மே தமய் நோனா."

இவள்தான் மனைவி. நான் சேட்டிபிக்கட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவர் மனதில் எது பொருத்தமாகப் பட்டது என்று எனக்கு விளங்காமலில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து என் கணவரை அனுப்பினார்கள். சேட்டில் ஒரு பொத்தான் இல்லை. முகம் வெளிறியிருந்தது. நேரே என்னிடம்தான் வந்தார்.

"நீர் ஏன் இந்த நேரத்தில வெளிக்கிட்டனீர்? ஏதும் நடந்திருந்தா?"

அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்தார். மற்றவர்கள் முன்னால் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல்தடவை. அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும் போல இருந்தது. பிறகு வெளியே வந்தோம். த்ரீவீலில் ஏறும்வரை, ஏறி வெள்ளவத்தை வந்து சேரும்வரை, அவர் அவளுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. இறங்கும்போது, "சனிக்கிழமை பிராக்டிஸ் இருக்கு" என்றாள் அவள். "ஓம்" என்றார் அவர். அவ்வளவுதான்.

"ஒரு தாங்க்ஸ் சொல்லியிருக்கலாமே" என்றேன் படியேறும்போது.

"ஆருக்கு? அவளுக்கோ?" என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். வெளியாட்களுக்குத்தானே நன்றி சொல்வார்கள். காலையில் தேத்தண்ணி கொடுத்தால் எனக்கு அவர் தாங்க்ஸ் சொல்வார்.

இரண்டு மாதத்தில் கொம்பனிகளுக்கிடையிலான போட்டி வந்தது. கடைசி ஆட்டம் வரை போனார்கள். மண்டபம் நிறையக் கந்தோர் ஆட்கள். வாசலில் பை சோதனை. நான் வெள்ளவத்தைப் பிள்ளையாரிடம் வாயைத் திறந்தே கேட்டுவிட்டுத்தான் போயிருந்தேன், தோற்கவேண்டும் என்று. தோற்றால் பார்ட்னரை மாற்றுவார் என்று ஒரு கணக்கு.

தோற்றார்கள். கடைசிப் புள்ளியில் ஷட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவே விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். வாங்கில் உட்கார்ந்து ஒரே தண்ணீர்ப் போத்தலை மாறி மாறி அண்ணாந்து குடித்துக்கொண்டு, அந்தப் புள்ளியைக் கையால் காட்டிக் காட்டி, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்கள். வென்றிருந்தால்கூட இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க மாட்டார்கள். பிள்ளையார் என்னை ஏமாற்றிவிட்டார்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை அவுஸ்திரேலியாவில், சொந்த ஊர் நீர்கொழும்பு. கல்யாணத்துக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போனோம். பிறகு மண்டபத்தில் சாப்பாடு, பாட்டு, ஆட்டம். நான் கருநீலக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு நல்ல சந்தோஷமாகத்தான் போனேன். எட்டாத தூரத்துக்குப் போகிறாளே!

கேக் வெட்டின பிறகு அவள் வெள்ளை உடுப்போடு எங்கள் மேசைக்கு வந்து, "மச்சான், வா" என்று இவரை இழுத்துக்கொண்டு கந்தோர் ஆட்களிடம் போனாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வந்து வெறுமையாயிருந்த கதிரையில், எனக்குப் பக்கத்தில், உட்கார்ந்தார். மெலிந்த மனிதர். கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் அவருக்கு அதிகம் பேரைத் தெரியாது போலிருந்தது.

"நீங்களும் பட்மின்டன் விளையாடுவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"நானும் இல்ல."

எதிரே அவர்கள் இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் றாக்கெட் இருப்பதுபோலக் காற்றில் வீசினாள். இவர் பின்னால் சாய்ந்து எடுப்பதுபோல நடித்தார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"இவங்க எப்பவும் இப்படித்தானா?"

அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமானது. ஒன்றரை வருஷத்தில் முதல்தடவையாக இந்தக் கொழும்பில் என்னை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு ஆள்.

"ஓம்" என்றேன். "எப்பவும்."

அவர் தலையை ஆட்டினார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. என் தட்டில் இருந்த இரண்டு பட்டிஸில் ஒன்றை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன். இருவரும் சாப்பிட்டோம்.