கலவைக் குவியலின் அடக்கவிலை

போலகம் வைத்தியலிங்கத்தின் மகள் சுகிர்தாவுக்கு, அடக்கவிலைக் கணக்கியல் படித்துத் தேறிய கையோடு இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று டைல்ஸ் கம்பெனியில். மற்றது மீனும் இறாலும் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில். இரண்டு பேருமே வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். வேலையும் ஒன்றுதான்: ஒரு பொருளைச் செய்ய என்ன செலவாகிறது, அதில் எதைக் குறைக்கலாம், என்ன விலை வைத்தால் கட்டுப்படியாகும் என்று நிர்வாகத்துக்குச் சொல்வது. அப்படியானால் எங்கே போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் முதல் சில வருஷம் எந்தத் தொழிலில் கழிகிறதோ, அந்தத் தொழிலின் ஆளாகத்தான் உலகம் பிறகு ஒருவரைப் பார்க்கும். சுகிர்தாவுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

நெல் போடும் வைத்தியலிங்கத்துக்கு இதில் குழப்பமே இல்லை. "கம்பெனி பஸ்ஸு நம்ம முக்கத்துலயே நிக்கிது. டைல்ஸு கெட்டுப்போவாது, நாறாது. மீன் கம்பெனின்னா நீ வர்றது தெருவுக்கே தெரியும்."

சுகிர்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மதிப்பெண் போட்டுப் பார்த்தாள். டைல்ஸ்தான் வென்றது. சரியான விடை கிடைத்தால் மனம் நிறைந்துவிடும் என்பது யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கை. அவளுக்கு நிறையவில்லை.

கூடப் படித்த மர்யம் காரைக்காலில் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் இருந்தாள். "அந்த மீனைப் போய்க் கண்ணால பாத்துட்டு வேணாம்னு சொல்லுடி. பாக்காமயே ஒதுக்க அது என்ன மாப்பிள்ளையா?" என்று வெள்ளிக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் ஏற்றிப் பட்டினச்சேரிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள்.

கரையில் அப்போதுதான் ஒரு ஃபைபர் படகு வந்திருந்தது. மணலில் விரித்த தார்ப்பாயில் இறால், நண்டு, கணவாய், பேர் தெரியாத பொடிமீன் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. அல்லி என்ற பெண் ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். கேட்பவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு விரல் உயர்ந்தால் நூறு ரூபாய் ஏறியது என்று அர்த்தம். வெளியாளான சுகிர்தாவுக்கு அது தெரியாது.

அவளுடைய யோசனை வேறு எங்கோ இருந்தது. ஒரே படகு, ஒரே டீசல், ஒரே வலை, ஒரே ஐஸ். இந்தச் செலவில் இறாலுக்கு எவ்வளவு, நண்டுக்கு எவ்வளவு? எடையை வைத்துப் பிரிப்பதா, விலையை வைத்தா? இறாலுக்கு ஒரு பங்கு என்று விரலைத் தூக்கினாள். நண்டுக்கு ஒன்று. கணவாய்க்கு ஒன்று. இல்லை, இது தப்பு, முதலிலிருந்து. மறுபடியும் இறாலுக்கு ஒன்று.

மற்றவர்கள் எப்போதோ ஒதுங்கி வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"மூணு தரம்," என்றாள் அல்லி. "எடுத்துக்கங்க தங்கச்சி."

"எதைக்கா?"

"குவியலைத்தான். எதுக்க ஆளே இல்லாம ஒங்களோட நீங்களே போட்டி போட்டதப் பாத்து நாங்களே பயந்துட்டோம்."

"நடுவுல நிறுத்தியிருக்கலாம்ல?"

"அவ்ளோ மும்முரமா இருந்தீங்க. நிறுத்துனா மரியாதையா இருக்காதேன்னுதான்."

மர்யம் மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் நிற்க முடியவில்லை. இருவர் செல்போனிலும் இருந்த பணத்தைச் சேர்த்துக் கட்டினார்கள். அடுத்த ஒரு மணி நேரம் சுகிர்தா மீன் வியாபாரி. இறால் நல்ல விலைக்குப் போனது. நண்டு பரவாயில்லை. கணவாயை ஒரு அம்மாள் அடித்துப் பேசி வாங்கினாள். பொடிமீனை யாரும் சீந்தவில்லை.

"நஷ்டந்தானே?" என்றாள் மர்யம்.

"மொத்தத்துல நஷ்டம். ஆனா யாரால? எடைய வச்சுப் பிரிச்சா இறால் நம்மள வாழ வச்சிருக்கு, பொடிமீன் கவுத்திருக்கு. விலைய வச்சுப் பிரிச்சா பொடிமீன் மேல குத்தமே இல்லடி. டைல்ஸ்ல இதெல்லாம் வருமா? நேத்திக்குச் செஞ்ச டைல்ஸும் இன்னைக்குச் செஞ்சதும் ஒண்ணுதான். மீன் ஒருநாள் மாதிரி ஒருநாள் வராது." சட்டையெல்லாம் செதிள்.

அங்கிருந்தபடியே மீன் கம்பெனி மேலாளர் ஃபயாஸை அழைத்தாள். "சார், கலந்து வர்ற மீனுக்கு ஐஸ் செலவ எப்படிப் பிரிக்கிறீங்க?"

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "அதத் தெரிஞ்சிக்கத்தானேம்மா ஒங்களக் கூப்பிட்டோம்."

"அப்ப வர்றேன் சார்."

அடுத்து டைல்ஸ் கம்பெனி. மறுப்பைப் பணிவாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் மர்யம் பொடிமீன் கூடையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு எதிரே நடந்துகாட்ட, சிரிப்பை அடக்கப் பார்த்து, "வர முடியல சார்" என்பதற்குள் குரல் தழுதழுத்தது; மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று. போனை எடுத்த அதிகாரி நல்ல மனிதர். "வீட்டுல வேணாங்கிறாங்களாம்மா? அழாதீங்க," என்றார். "அடுத்த வருஷமும் ஆள் எடுப்போம். மனசத் தேத்திக்கங்க."