அவளைத் திட்டினார், என்னைப் பாராட்டினார்

பொறாமை எனக்குப் புதிதல்ல. என்னோடு வேலை பார்த்தவளுடைய குதிகால் செருப்பு, பூப்போட்ட கவுன், ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயில் எந்நேரமும் வரும் தண்ணீர், எல்லாவற்றின் மீதும் எனக்குக் கண் இருந்தது. ஆனால் ஒருத்தி வாங்கிய திட்டைப் பார்த்து வயிறெரிந்தவள் செங்கல்பட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில் டீச்சர்கள். அவள் சட்டைக்காரக் குடும்பம், அதாவது ஆங்கிலோ-இந்தியக் குடும்பம், அப்பா இன்ஜின் டிரைவர். இங்கிலீஷும் டிரில்லும் அவள் பொறுப்பு. நான் சேரியில் பிறந்து மிஷன் ஹாஸ்டலில் படித்தவள். மூன்றாம் வகுப்பும் பாட்டும் என் பொறுப்பு.

அந்த வருஷம் ஆண்டுவிழாவுக்கு எங்கள் வார்டு கவுன்சிலர் தலைமை தாங்கினார். அவள் பழக்கிய பெண்கள் கையில் வளையத்தோடு டிரில் செய்து முடித்தார்கள். மனுஷர் மைக்கைப் பிடித்தார். "வெள்ளைக்காரன் கப்பலேறிட்டான். கழிசடைய மட்டும் நம்ம ஸ்டேஷன்ல எறக்கிட்டுப் போயிட்டான். அதுங்க இப்போ நம்ம பொண்ணுங்களுக்குக் குதிக்கக் கத்துக்குடுக்குது" என்றார். முன்வரிசை நெளிந்தது. அதைச் சரிக்கட்டவோ என்னவோ, என் பக்கம் கை காட்டினார். "இதோ, பாட்டு சொல்லிக்குடுத்த இந்தப் பொண்ணப் பாருங்க. சேரியில பொறந்ததுன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? அவ்ளோ சுத்தமா கீது!"

கைதட்டல் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. தலைமையாசிரியை என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எழுந்து கும்பிட்டேன், வேறென்ன செய்ய? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, ஏற்றியவருக்கே ஊசி இருப்பது தெரியவில்லை.

மறுநாளே அவளுடைய குவார்ட்டர்ஸ் ரயில்வேக்காரர்கள் கோட்டும் டையுமாக முனிசிபல் ஆபீசுக்குப் போனார்கள். அவர் பதவியை விட்டு விலகியே தீர வேண்டும் என்றார்கள். ஊரே இரண்டு கட்சியானது. வாய் தவறி வந்த பேச்சுக்குப் பதவியை விடச் சொல்வது அநியாயம் என்றது காபி கிளப். ஊர் கொடுத்த மைக்கில் ஊராரைத் திட்டினவருக்கு ஊர் கொடுத்த பதவி எதற்கு என்றது எங்கள் ஸ்டாஃப் ரூம். எனக்கும் அதே கட்சிதான். அவரை விலகச் சொன்ன மனுவில் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என்னைப் பற்றிய அந்த இரண்டாவது பேச்சை யாராவது எடுப்பார்களா? ஒருத்தரும் எடுக்கவில்லை. வீட்டில் அதற்கு மேல். தாலுக்கா ஆபீசில் பியூனாக இருந்த அப்பா, "மேடையில நம்ம பொண்ண இன்னா ஒசத்தியா சொன்னாரு!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளோ பள்ளியில் நிமிர்ந்து நடந்தாள். கோபப்பட்டாள். மேஜையில் குத்தினாள், அழுதாள், எல்லாரும் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கொடுத்து வைத்தவள். அவளுக்கு வந்த வசவு வசவாகவே வந்தது. எனக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தது.

மகாபலிபுரத்துக்குப் பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் அழைத்துப் போயிருந்தபோதுதான் சேதி வந்தது. பின்னால் வேறொரு பஸ்ஸில் வந்த பள்ளிக்கூடக் கிளார்க், கடற்கரை மணலில் ஓடிவந்து, "கவுன்சிலர் ராஜினாமா பண்ணிட்டாரு" என்றார். டீச்சர்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நான் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி தள்ளி உட்கார்ந்தேன். அவள் என்னிடம் வந்தாள். நல்ல மனசோடுதான் கேட்டாள்: "இன்னா மேன், ஒன்ன புகழ்ந்தவன் போயிட்டான்னு ஃபீல் பண்றியா?"

அந்தக் கேள்விக்கு அவளைக் கடலில் தள்ளியிருக்கலாம். "இல்ல" என்றேன். பொட்டலத்தை மறுபடி மடித்தேன்.

அடுத்த முனிசிபல் தேர்தலில் அவர் திரும்பவும் நின்றார். குவார்ட்டர்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாதே, நேரே எங்கள் தெருவுக்கு வந்தார். அப்பா பஸ் ஸ்டாண்டு சைக்கிள் கடையிலிருந்து நாற்காலி இரவல் வாங்கி வாசலில் போட்டிருந்தார். தெருவே கூடியது. குழாயடியிலிருந்து பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள்.

"ஒங்க தெருப் பொண்ண மேடை ஏத்திப் பாராட்டினவன் நானு," என்று நாற்காலிக்கு முன்னால் நின்று ஆரம்பித்தார். அப்பா பூரித்துப்போய் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் வயிற்றில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"இன்னா சொல்லிப் பாராட்டினீங்க அய்யா? இவங்க யாரும் அன்னிக்கு வரல. அப்பிடியே சொல்லுங்க."

அவரும் சந்தோஷமாகச் சொன்னார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. "சேரியில பொறந்ததுன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? அவ்ளோ சுத்தமா கீது!" சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்தினார்.

தெரு தட்டவில்லை. ஒரு பெண் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்போ நாங்க இன்னா அழுக்கா?" என்றாள். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்த நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"இரவல் நாற்காலி. கடைக்காரரு தேடுவாரு," என்று சொல்லிவிட்டு, அவரை நிற்கவைத்தே நடந்தார்.