மச்சா என்று கூப்பிட்டதால்

கடையில் விளக்கெண்ணெய் வாசம் பட்டதும், இன்று தறிக் கொட்டகைகளாகிவிட்ட எங்கள் சோமனூர்ப் பள்ளி மைதானத்தில், பந்தின் தோல் இளக அண்ணனும் கோல்கீப்பர் துரையண்ணனும் ஒரே துணியால் எண்ணெய் தேய்த்த சாயங்காலங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. விரல்கள் பின்னிக்கொண்டால் இருவரும் பிரிக்க மாட்டார்கள். அது வெறும் சிநேகிதம் இல்லை என்று சின்னத் தங்கச்சியான எனக்கே தெரிந்தது.

துரையண்ணன் தினமும் எங்கள் வாசலில் நின்று "மச்சா!" என்பார். பையன்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்பாவுக்குத்தான் உறைத்தது.

"மச்சானாமா மச்சான்! அவன் உன்ற தங்கச்சியப் பாக்கத்தான வாரான்?"

தன்னைப் பார்க்க வருகிறார் என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை.

"ஆமாங்கப்பா. அவளத்தானுங்க."

அன்றே அப்பா என் படிப்பை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார். மறுநாள் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்க, அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பள்ளிக்குப் போனார். அங்கே அவருக்குத் துரையண்ணன் இருந்தார்.