முர்மெலி காணச் சென்றது

இதனை எழுதிவைக்க வேண்டிய தேவை அண்மையில் நேர்ந்தது. மலைப்பயணத்தைத் தள்ளிப்போட்டவர் தங்கள் தாயே என்று என் மகளும் மகனும் விருந்தினரிடம் கூறக் கேட்டேன். அது பிழை. மறைந்தவர் தம் பக்கத்தை எடுத்துரைக்க இயலாது. ஆதலால் நான் எழுதுகிறேன்.

ஈழத்தில் போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். முர்மெலி என்பது நாங்கள் குடியேறிய இந்தச் சுவிட்சர்லாந்து நாட்டு உயர்மலைகளில் வளை தோண்டி வாழும் பருத்த அணில். அது நிமிர்ந்து நின்று சீழ்க்கையடிப்பதைச் சோலோதுர்னில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கண்ட நாள்முதல், நேரிற் காண என் மனைவி விரும்பினார். ஆனித் திங்களிலேயே கேட்டார். மகனுக்கு முதியோர் இல்லத்தில் முறைப்பணி. மகளுக்கு உணவகச் சமையலறையில் வேலை. இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு வாய்ப்பதில்லை.

"அப்ப நானும் அப்பாவும் ரயிலிலை போயிட்டு வாறம்."

"எங்களை விட்டிட்டோ? பொறுங்கோ அம்மா, எல்லாரும் சேர்ந்து போவம்," என்று மகள் தடுத்தாள்.

பின்னர்க் கோயில் திருவிழா வந்தது. உறவினர் வீட்டுப் பூப்பு நீராட்டு வந்தது. ஐப்பசியில்தான் நாள் அமைந்தது. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு தொங்கூர்தியில் ஏறினோம். மேலே புல் பழுத்துக் கிடந்தது. வளைவாயில்கள் யாவும் மண்ணாலும் கல்லாலும் அடைபட்டிருந்தன.

வழியோரப் பலகையிலிருந்த ஜெர்மன் குறிப்பை மகள் படித்துத் தமிழிற் சொன்னாள். வேனிலில் உண்டு கொழுத்தவை, உள்ளிருந்தே வாயிலை அடைத்து, குடும்பமாய் நெருங்கிப் படுத்து ஏறத்தாழ ஆறு திங்கள் உறங்குமாம். நெஞ்சத் துடிப்பு மிகத் தளருமாம். குட்டிகளை நடுவிற் கிடத்திப் பெரியவை தம் உடற்சூட்டாற் காக்குமாம்.

"சாப்பாடு?" என்றார் மனைவி.

"ஒண்டுமில்லை அம்மா. உடம்பிலை இருக்கிற கொழுப்புத்தான்."

"அப்ப உன்ரை தம்பி ரெண்டு மாரி தாங்குவான்."

மகன் வயிற்றைத் தடவிச் சிரித்தான். "பாருங்கோ, அதுகளுக்கு எல்லாருக்கும் ஒண்டா லீவு கிடைச்சிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஒரு வளையருகே குனிந்து, குளிர்ந்த மண்மேற் கைவைத்திருந்தார்.

"சித்திரையிலை எழும்புமோ?"

"ஓம் அம்மா. கட்டாயம் கூட்டிக்கொண்டு வருவம்."

மாசியில் அவர் காலமானார்.

தங்கள் துயரைத் தாங்கவே பிள்ளைகள் கதையை மாற்றிக்கொண்டனர் போலும். அவர்களை நான் வெறுக்கவில்லை. அன்பினாற்றான் காக்க வைத்தனர். ஆயினும், தாமே நாளைக் கடத்தியவர் என்ற பெயர் அவருக்கு நிற்றல் தகாது.

விலங்குகளைப் பற்றி நான் எழுதியவை கேட்டறிந்தவையே; கற்றோர் பிழை காணின் திருத்தியருள்க. என் மனைவியின் விருப்பம்பற்றி எழுதியதிற் பிழையுண்டெனின், பிள்ளைகள் அதனை என் முன்னிலையிலேயே சொல்லட்டும்.