ஒன்பது சீட் விமானத்துக்கு ஒரு கதவு

விமானம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, "கதவு மட்டும்தான்" என்று சேர்ப்பதற்குள் எதிரில் இருப்பவரின் முகம் தொங்கிப் போகும்; எங்கள் தொழிலின் முதல் கஷ்டம் இதுதான். குக்கருக்கு கேஸ்கெட், சட்டைக்குக் காலர், பேனாவுக்கு மூடி என்று ஏதோ ஒரு துண்டை மட்டும் செய்து பிழைக்கிற அத்தனை பேருக்கும் இது புரியும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவது?

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த எட்டு வருஷமும் நான் கூடுவாஞ்சேரியில் காதர் பாய் ஷெட்டில் சூப்பர்வைசர். அதுவரை அங்கே நடந்தது பஸ் பாடி கட்டுகிற வேலை. பெங்களூரில் ஒரு கம்பெனி புதிதாக ஒரு சின்ன விமானத்தை உருவாக்கிக் கொண்டிருந்தது. ஒன்பது பேர் உட்காரலாம். சீட்டைக் கழற்றினால் சரக்கு ஏற்றலாம், ஸ்ட்ரெச்சரும் ஏற்றலாம். மூக்கில் ஒரே ஒரு விசிறி, ஆனால் அதைச் சுற்றுவது உள்ளே இருக்கும் ஜெட் வகை இன்ஜின். டர்போபிராப் என்பார்கள். அதன் பின்பக்கப் பெரிய கதவைச் செய்து தர முடியுமா என்று பாயைக் கேட்டார்கள். பாய் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாரா என்பதே சந்தேகம். கையில் இருந்த பஸ் ஆர்டர்களை எல்லாம் விட்டுவிட்டார்.

கதவு தேறினால் இனி வரப்போகும் எல்லா விமானங்களுக்கும் கதவு எங்களுடையது. தேறாவிட்டால் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் வேறு வேலை தேட வேண்டும். எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. என் வீடு கீழ்க்கட்டளை. பல்லாவரம் வந்து ரயில் பிடிக்கும்போது தினமும் தலையை உரசுகிற மாதிரி விமானம் இறங்கும். அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஒன்றிலும் ஏறியதில்லை. "கவலப்படாத முரளி. நம்ம கதவு வச்ச பிளேன்ல மொத ஆளா உன்ன ஏத்தி விடறேன்" என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார்.

முகம் தெரிந்த கதவு

எங்கள் டில்லி பட்டி பார்ப்பதில் மன்னன். தகரத்தில் பள்ளம் இருந்தால் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து, பள்ளம் இருந்த இடத்தை அதைப் போட்டவனே கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடுவான். முதல் விமானக் கதவு முடிந்தபோது ரிவெட் அடித்த இடங்களில் அங்கங்கே லேசான நெளிவு. டில்லி சும்மா இருப்பானா? இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்துவிட்டான். அந்தக் கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். நாங்கள் எல்லோரும் பூரித்துப் போய் நின்றோம்.

ஸ்டெல்லா மேடம் வந்தார். விமானக் கம்பெனி எங்களைக் கண்காணிக்க வைத்திருந்த இன்ஸ்பெக்டர். தாம்பரத்தில் வீடு. குரலை உயர்த்தியே பேச மாட்டார், அதனாலேயே அவரைப் பார்த்தால் எங்களுக்கு நடுக்கம். கைப்பையிலிருந்து ஒரு ரூபாய் காசை எடுத்துக் கதவின் மேல் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், டப். நின்றார். நகத்தால் சுரண்டினார். பட்டி உதிர்ந்தது.

"அடிபட்ட இடம் கண்ணுக்குத் தெரியணும், டில்லி. மறைச்சா அது அழகு இல்ல, பொய்" என்றார் மெதுவாக. கதவு மொத்தமும் தள்ளுபடி. இன்னும் ஒரு கதவுக்குத்தான் வாய்ப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டில்லிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னா பாய் இது, பஸ்ஸுக்கு இத்த பண்ணா மால போடுவான், இந்தம்மா இன்னாடான்னா சொரண்டிப் பாத்துகினு கீது!"

மூன்று பொட்டு

இரண்டாவது கதவு பாதியில் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாவற்றையும் வருஷா வருஷம் காதர் பாய்தான் வாங்கி வருவார். டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு வைத்த கை சும்மா இருக்குமா? கதவுக்கும் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டோம்.

ஸ்டெல்லா மேடம் பார்த்தார். திட்டவில்லை. ஃபைலைத் திறந்தார். விமான வேலையில் கதவின் மேல் எது பட்டாலும் எழுத வேண்டும், அதை எப்படி எடுத்தோம் என்றும் எழுத வேண்டும். "வெளிப்புறம் மூன்று இடங்களில் சந்தனம், குங்குமம். ஈரத் துணியால் துடைத்து நீக்கப்பட்டது" என்று என்னை ஆங்கிலத்தில் எழுத வைத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வைத்தவன் என்ற முறையில் டில்லியும் கையெழுத்துப் போட்டான்.

அதோடு முடியவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி போன் செய்தார். அந்த இரண்டு ரசாயனங்களும் அலுமினியத்தை அரிக்குமா, தயாரித்த கம்பெனியின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். பாய் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார், அது கெமிக்கல் இல்ல, சாமி சமாச்சாரம். பாய் நானே சொல்றேன், நம்புங்க!"

கால் கிலோ

விமானம் உருவாகிற காலத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான், எடை. இறக்கை கூடிவிட்டது, வால் கூடிவிட்டது, இன்ஜின் தாங்குகிற சட்டம் கூடிவிட்டது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து கதவைப் பிடித்துக்கொண்டார்கள். கால் கிலோ குறைத்தே ஆகவேண்டும் என்றார் ஸ்டெல்லா மேடம். பஸ் கட்டும்போது கால் கிலோ என்பது தரையில் சிந்துகிற ஆணி. இங்கே ஒவ்வொரு தகட்டையும் சமையல் எடைத் தட்டில் வைத்து அழுதோம். பாய் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த பைலட்டு தம்பிய ஒரு நாள் டிபன் சாப்பிடாம ஏறச் சொல்லக் கூடாதா?"

மனை பார்க்க வந்தவர்

கூடுவாஞ்சேரியில் அப்போது காலி இடம் எல்லாம் கொடி நட்டு மனையாகிக் கொண்டிருந்தது. ஒரு மனை புரோக்கர் எங்கள் ஷெட்டுக்குப் பக்கத்து நிலத்தை, 'விமான ஃபேக்டரிக்கு மிக அருகில்' என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை வேன் நிறைய ஆட்களோடு உள்ளேயே வந்துவிட்டார். ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்த எங்கள் கதவை ஜனங்கள் கிட்டே வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு ரிட்டையர்டு வாத்தியார் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. மீதி எங்கே என்று என்னைக் கேட்டார். பெங்களூரில் என்றேன். அவர் புரோக்கர் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, கதவு இங்க, மீதி பெங்களூர்ல. அப்ப ரன்வே நடுவுல வேலூர்லயா வரும்?"

ஸ்டெல்லா மேடம் கத்திய நாள்

இரண்டாவது கதவு தேறியது. காசு தட்டலில் தேறியது, எடையில் தேறியது, தண்ணீர் பீய்ச்சிப் பார்த்ததிலும் தேறியது. லாரியில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பும்போது பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற மாதிரி எல்லோரும் ரோடு வரை வந்து நின்றோம். சில மாதம் கழித்து, விமானம் முதல் முறையாகப் பறக்கப் போகிற நாள் வந்தது. ஸ்டெல்லா மேடம் பெங்களூர் போயிருந்தார். ஷெட்டில் யாரும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகவில்லை. ஒரே ஒரு போன், அதைச் சுற்றிப் பதினோரு பேரும் பாயும்.

பத்து மணிக்கு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தால், பஸ்ஸுக்குப் பின் கண்ணாடி மாற்ற எவ்வளவு ஆகும் என்று யாரோ கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பதினொன்றே காலுக்கு மறுபடி அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டோம்.

"முரளி சார்! பறந்துடுச்சு சார்! பறந்துடுச்சு!" என்று ஸ்டெல்லா மேடம் கத்தினார். அவருக்குக் கத்தத் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். பாய் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. டில்லி மட்டும் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போனிடம் வந்தான்.

"அது பறந்தது இருக்கட்டும் மேடம், கதவு வுழுந்துச்சா இல்லியா, அத்த சொல்லுங்க மொதல்ல!"

விசில்

பறந்தால் ஆர்டர் வந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். விமான விஷயத்தில் பறப்பது என்பது ஆரம்பம் மட்டும்தான். மழையில் சோதனை, வெயிலில் சோதனை, சோதனை செய்ததற்கான பேப்பரில் சோதனை. வருஷங்கள் ஓடின. அதுவரை கம்பெனி கொடுத்த சின்னச் சின்ன கிளாம்ப்புகளைச் செய்து பாய் எங்களைக் காப்பாற்றினார். ஒரு வழியாக விமானம் சேவைக்கு வந்தது. மீனம்பாக்கத்தில் இருந்து வாடகை விமானம் ஓட்டும் ஒருவர் அதை எடுத்தார். தூத்துக்குடிக்கு வியாபாரிகள், மதுரைக்கு நோயாளிகள், சில நாள் இறால் குஞ்சுப் பெட்டிகள் என்று அது சந்தோஷமாகப் பறந்தது.

மூன்றாவது வாரம் புகார் வந்தது. மேலே போனதும் எங்கள் கதவு விசில் அடிக்கிறதாம். ஆபத்து இல்லை, ஆனால் கம்பெனி கண்டிப்பாக எழுதிவிட்டது. மாதக் கடைசிக்குள் காரணம் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த கதவுகள் வேறு இடத்துக்குப் போகும். பாய் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நான் மீனம்பாக்கம் போய், அடிக்கடி அதில் பறக்கும் ஜவுளி வியாபாரி ஒருவரைப் பிடித்து, சத்தம் எப்போது வருகிறது என்று கேட்டேன்.

"தரைய விட்டு மேல போனதும் வரும் தம்பி. கண்டக்டர் விசில் குடுத்துட்டாருன்னு நானே ரெண்டு தரம் இறங்க எழுந்துட்டேன்."

கூரை மேல் சட்டை

தரையில் கதவு வாயைத் திறக்கவே இல்லை. யாராவது மேலே போய்க் காது கொடுத்துக் கேட்டால்தான் உண்டு. "மொத ஆளா உன்னத்தான்னு சொன்னேன்ல?" என்றார் பாய். சிரித்தார், ஆனால் கை பையில் இருந்த கடிதத்தின் மேலேயே இருந்தது. எனக்கோ பயம் பாதி, குஷி மீதி. தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கீழ்க்கட்டளை மொட்டை மாடியில் என் மனைவி நிற்பதாக ஏற்பாடு. மீனம்பாக்கத்தில் கிளம்பி கூடுவாஞ்சேரி வரை போய்த் திரும்புவதாக பைலட் சொன்னார். ஷெட் ஆட்கள் கூரை மேல் ஏறிவிட்டார்கள்.

விசிறி சுற்றியது. முதுகை யாரோ பிடித்துத் தள்ளியது போல் இருந்தது. தரை விட்டுப் போனதை வயிறுதான் முதலில் சொன்னது. ஐயோ, பறக்கிறேன்! ஜன்னல் பக்கம் திரும்பினேன். அந்த நொடியில் கதவு விசில் அடித்தது.

அப்புறம் நான் திரும்பவில்லை. கதவின் ஓரத்தில் காதை ஒட்டினேன். மாஸ்கிங் டேப்பைக் கிழித்து கதவு இடுக்கில் ஒவ்வொரு சாணாக ஒட்டிக்கொண்டே வந்தேன். கூட வந்திருந்த ஸ்டெல்லா மேடம் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். கொக்கிப் பக்கம் இல்லை, மேலே இல்லை, பின் ஓரமும் இல்லை. முன்னால் பைலட் பஸ் ஸ்டாப் சொல்கிற மாதிரி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார். பல்லாவரம். தாம்பரம். முன் ஓரத்தில், கீழ் மூலைக்குச் சற்று மேலே, கட்டை விரலை வைத்து அழுத்தினேன். விசில் நின்றது. எடுத்தேன், அடித்தது. மறுபடி அழுத்தினேன், நின்றது. "சார், கீழ கூடுவாஞ்சேரி!" என்றார் பைலட். நான் விரலை எடுக்கவில்லை.

கதவைச் சுற்றி ஓடும் ரப்பரின் இரண்டு முனையும் சேருகிற இடம் அது. பஸ்ஸில் அந்த இணைப்பைக் கைக்கு வாகாக முன் ஓரத்தில்தான் வைப்போம். அதே கை, அதே பழக்கம், விமானத்திலும் அங்கேயே வைத்துவிட்டோம். எதிர்க்காற்று நேராக அதில்தான் மோதும். இணைப்பைப் பின் ஓரத்துக்கு மாற்றினோம், விசில் ஒழிந்தது. மாதக் கடைசிக்கு முன்பே ஆர்டர் வந்தது. பாய் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் பிரியாணி சொன்னார்.

அதெல்லாம் பிறகு. பறந்த அன்று மதியம் நான் ஷெட்டுக்குத் திரும்பியதும் பத்து பேரும் சூழ்ந்துகொண்டார்கள். கூரை மேல் நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினார்களாம், தெரிந்ததா என்று கேட்டார்கள். முகங்களைப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள், டில்லி மட்டும் தட்டவில்லை.

"அப்டியா? என் சட்ட இன்னா கலரு, சொல்லு."

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விமானத்தில் ஏறியிருக்கிறேன். மேலேயிருந்து எல்லாம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், கதவு நன்றாக இருந்தது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது.